ஐயாவும் நானும் காய்ச்சிய பியர்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய உரைத் தொடரில் பியர் காய்ச்சுவதைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் சற்றுத் தயங்கினார். பத்துப்பாட்டில் ஓர் இடத்தை விளக்குவதற்காகத்தான் என்று சொன்ன பிறகே அவர் முகம் தெளிந்தது. நான் சொன்னது பொய்யல்ல. ஆனால், அந்த இடத்தை எனக்கு விளங்கவைத்தவர் உரையாசிரியர் எவரும் அல்லர். இலண்டனில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரியும், ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபரான என் ஐயாவுமே அதை விளங்கவைத்தனர்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் மதுபானம் செய்வது இலங்கையில் மதுவரிச் சட்டப்படி குற்றம். எனவே இந்த உரையை யாரும் செய்முறைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் வீட்டில் பியர் காய்ச்ச அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. 1880 ஆம் ஆண்டு முதல் இருந்துவந்த அந்த ஏற்பாட்டை 1963 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் றெஜினோல்ட் மோட்லிங் நீக்கினார். விற்கக்கூடாது, தன் வீட்டுத் தேவைக்குக் காய்ச்சலாம். அதன்பின் மருந்துக் கடைகளிற்கூட அதற்கான பொருள்கள் கிடைத்தன. 1978 இல் நான் மாணவனாக அங்கே போய்ச் சேர்ந்தபோது என் அறைத்தோழன், ஓர் ஆங்கிலேயப் பையன், எனக்கு முதலிற் கற்றுத்தந்த வித்தை இதுதான். காரணம் வேறொன்றுமில்லை. கடையில் வாங்கும் பியரின் விலையில் மூன்றிலொரு பங்குகூட ஆகாது.

செய்வதும் பெரிய காரியமல்ல. ஒரு தகரப்பேணியில் பாணிபோலக் கறுத்த திரவம் இருக்கும். முளைவிட்ட பார்லியின் சத்தை வற்றக் காய்ச்சி, கசப்புக்கு ஹொப்ஸ் என்ற கொடியின் பூவைச் சேர்த்தது அது. அதைச் சுடுநீரிற் கரைத்து, ஒரு கிலோ சீனி போட்டு, மூடியுள்ள பெரிய பிளாஸ்ரிக் வாளியில் ஐந்து கலன் அளவுக்குத் தண்ணீர் விட்டு, சூடு ஆறியதும் மதுவத்தைத் தூவி மூடிவிட வேண்டும். ஒரு வாரத்தில் நொதித்து அடங்கும். பிறகு போத்தலில் அடைத்து, ஒவ்வொரு போத்தலிலும் அரைத் தேக்கரண்டி சீனி போட்டால் நுரை கட்டும். நாற்பது போத்தல் வரை தேறும்.

ஐயா எங்களோடு இருக்க வந்தது 1991 நவம்பரில். அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஊரில் ஷெல்லும் பொம்பரும். தனித்திருந்த மனிதர் மற்றவர்களோடு நீர்ப்பரப்பைக் கடந்து, ஒருவாறு கொழும்பு வந்து, அங்கிருந்து விமானம் ஏறினார். அப்போது அவருக்கு அறுபத்தாறு வயது. வடபகுதிப் பாதையில் அவர் வேலை பார்க்காத நிலையங்கள் குறைவு. அந்தப் பாதையில் 1990 இலேயே ரெயில் நின்றுவிட்டது. ஈஸ்ற்ஹாமில் எங்கள் வீட்டு முன்னறை யன்னலோரம் ஒரு கதிரையைப் போட்டு, போகிற வருகிற பஸ்களின் நேரத்தை மணிக்கூட்டில் பார்த்துக்கொண்டிருப்பார். அதைத் தவிர அவருக்கு வேலையில்லை, பேச்சுமில்லை. நானும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் அவரும் குளிரும்தான்.

அவர் வருவதற்கு முதல்நாள் நான் செய்த வேலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. படிக்குக் கீழுள்ள அலுமாரியில் நொதித்துக்கொண்டிருந்த வாளியைப் பழைய போர்வையாற் சுற்றி, முன்னால் இரண்டு பயணப்பெட்டிகளை அடுக்கி மறைத்தேன். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. இரண்டு பிள்ளைகளின் தகப்பன். இருந்தும் ஐயாவுக்கு முன்னால் மதுவென்ற பேச்சே இல்லாத வீட்டில் வளர்ந்தவன். ஐயா குடிக்காதவர் அல்லர். எங்கள் வளவில் ஐந்து பனைகளைச் சீவல்காரர் ஒருவர் வாரத்துக்குச் சீவினார். பொழுதுபடுகிற நேரம் ஐயா கிணற்றடிப் பக்கம் போவார். வேலிக்கு அந்தப் புறத்தில் முட்டியிலிருந்து பிளாவில் ஊற்றும் சத்தம் கேட்கும். திரும்பி வரும்போது ஒரு கராம்பு வாயில் இருக்கும். அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாததுபோல இருப்பது குடும்ப ஒழுங்கு. அவர் எனக்கு ஒளித்துக் குடித்தார். நான் அவருக்கு ஒளித்துக் காய்ச்சினேன்.

மூன்றாம் நாளே பிடிபட்டேன். வேலையால் வந்து கதவைத் திறக்கிறேன், ஐயா படிக்குக் கீழே குந்தியிருக்கிறார். பயணப்பெட்டிகள் ஒருபக்கம் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

"தம்பி, உதுக்குள்ளை என்ன குளுக் குளுக் எண்டு சத்தம்?"

சொன்னேன். வாளியின் மூடியைத் திறக்கச் சொல்லி, குனிந்து மணந்து பார்த்தார். "புளிச்ச மணம் இல்லை. நல்லாத்தான் வருது" என்றார். பிறகு, "போத்தல் எல்லாம் கழுவியாச்சோ?" என்று கேட்டார். நான் கழுவியிருந்த போத்தல்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பத்தில் ஆறைத் திருப்பித் தந்தார்.

அந்த வாரத்திலிருந்து அது அவருடைய இலாகா ஆகிவிட்டது. கொதிநீரும் கிருமிகொல்லியும் கொண்டு அவர் வாளியைக் கழுவிய முறையைப் பார்த்த பிறகு, நான் அதுவரை குடித்ததெல்லாம் தெய்வாதீனம் என்று நினைத்துக்கொண்டேன். முட்டியைச் சரியாகக் கழுவாவிட்டால் கள் ஒரே நாளில் கெட்டுப்போகும் என்று அவர் சொன்னார். கருப்பநீருக்கு முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவ வேண்டும். கள்ளுக்கென்றால் தடவத் தேவையில்லை, காற்றிலும் முட்டியிலும் இருக்கிற மதுவமே போதும், மரத்தில் இருக்கும்போதே பொங்கத் தொடங்கிவிடும் என்றெல்லாம் விளக்கினார். பாளையைக் கடிப்பால் நசித்துப் பதப்படுத்துவதையும், காலையும் மாலையும் நுனியைச் சீவிவிடுவதையும் அவர் கைகளால் காட்டியபோது நான் அவரை உற்றுப் பார்த்தேன். வேலிக்கு அப்பால் நின்று குடித்த மனிதர் இவ்வளவையும் எப்போது பார்த்தார்?

அடுத்து அவர் ஒரு கொப்பி வாங்கிவரச் சொன்னார். நிலையத்தில் ரெயில் வந்த நேரம், விட்ட நேரம் எழுதுவதைப் போல நிரல் கீறினார். திகதி, அறையின் சூடு, திரவத்தின் அடர்த்தி, குறிப்பு. அடர்த்தி பார்க்க மிதக்கும் கண்ணாடிக் குழல் ஒன்று உண்டு. வெறும் தண்ணீரில் அது 1000 காட்டும். சீனி கரைந்திருக்கும்போது உயர்ந்து நிற்கும். எங்கள் பியர் பெரும்பாலும் 1040 இல் தொடங்கும். மதுவம் சீனியைத் தின்னத் தின்னக் குழல் அமிழ்ந்துகொண்டு போய், 1008 அளவில் நின்றுவிடும். இரண்டு நாள் அசையாமல் நின்றால்தான் போத்தலில் அடைக்கலாம். அந்தக் குழல் ஐயாவுக்குப் பிடித்துப்போயிற்று. அமிழ்ந்துகொண்டிருக்கும் குழலைப் பார்த்து, "கைகாட்டி இன்னும் விழேல்லை" என்பார். ரெயில் பாதையோரம் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். கைகாட்டி கீழே சாய்ந்தால்தான் ரெயில் நிலையத்துக்குள் வரலாம்.

இவ்வளவு செய்தும் அவர் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. நான் குடிப்பதைப் பார்க்கவும் இல்லை. சனிக்கிழமை நண்பர்கள் வந்தால் மேலே போய்விடுவார். மறுநாட் காலையில் குசினியில், "எப்பிடியாம்?" என்று மட்டும் கேட்பார். "நல்லாயிருந்ததாம்" என்பேன். யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசுவதுபோல இருவரும் பேசிக்கொள்வோம்.

1992 மார்ச்சில் அந்தத் தவறு நடந்தது. பழைய நண்பன் ஒருவன் கனடாவிலிருந்து வருகிறான். அவனுக்கு எங்கள் பியரைக் கொடுக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு. ஐந்தாம் நாள் குழல் 1014 இல் நின்றது. "தம்பி, கைகாட்டி விழாமல் ரெயில் எடுக்கிறாய்" என்றார் ஐயா. நான் கேட்கவில்லை. சீனியும் தாராளமாகவே போட்டேன். அதை அவர் கொப்பியில், குறிப்பு என்ற நிரலில், எழுதி வைத்தார்.

நான்காம் நாள் இரவு இரண்டு மணியிருக்கும். படிக்குக் கீழே போத்தல்கள் வெடிக்கத் தொடங்கின. ஒன்று வெடித்த அதிர்ச்சியில் அடுத்தது, அதற்கடுத்தது. கண்ணாடி சிதறி அலுமாரிக் கதவில் மோதுகிற சத்தம். நான் நிலைமை விளங்கிக் கீழே ஓடினேன். ஐயாவின் அறைக்கதவு திறந்திருந்தது, ஆளைக் காணவில்லை. பிள்ளைகளின் அறையில் இருந்தார். இரண்டு பிள்ளைகளையும் கட்டிலுக்குக் கீழே இழுத்துப் போட்டு, அவர்கள்மேல் குப்புறப் படுத்திருந்தார். "தலையைத் தூக்காதை, தூக்காதை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பியர் போத்தல் என்று நான் சொன்னது அவருக்கு ஏற நெடுநேரம் பிடித்தது.

பதினொரு போத்தல்கள். விடியும்வரை நாங்கள் இருவரும் கண்ணாடி பொறுக்கினோம். வீடு முழுவதும் கள்ளுத் தவறணைபோல மணந்தது. ஐயா என்னைக் கண்டிக்கவில்லை. ஈரத்தைத் துடைத்துக்கொண்டே, தானாக, ஒரு கதையைச் சொன்னார்.

1990 ஆனி மாதம். வளவில் வெட்டிய பங்கர். மேலே பனங்குற்றி அடுக்கி மண் போட்டது. ஒரு பின்னேரம் ஹெலி வந்து சுடத் தொடங்கியது. அயற்சனம் எல்லாம் ஐயாவின் பங்கருக்குள் ஓடி வந்துவிட்டது. அந்த நேரம் சீவல்காரர் வளவுப் பனையில், வட்டுக்குள் இருந்தார். எப்படியோ இறங்கி, தளைநாரும் கையுமாக ஓடிவந்து, பங்கர் வாசலில் நின்றுவிட்டார். உள்ளே இடம் இருந்தது.

"நான் இதிலை நிக்கிறன் நயினார் எண்டான். நான் அவனை உள்ளை வா எண்டு சொல்லேல்லை, தம்பி. மற்றச் சனம் என்ன நினைக்குமோ எண்டு இருந்திட்டன். அரை மணித்தியாலம் அவன் வாசலிலை குந்திக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒண்டும் நடக்கேல்லை. நடந்திருந்தால்..."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. பிறகு, கூட்டித் தள்ளிய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "முப்பது வருசம் அவன்ரை கையாலை வாங்கிக் குடிச்சனான். அவன்ரை முழுப்பேர் என்னெண்டு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமே?"

எனக்கும் தெரியாது. வீட்டில் எல்லோரும் ஒரு குறுக்கிய பெயரால், வா போ என்று கூப்பிட்டோம். நான் சிறுவனாக இருந்தபோதும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர் என்னைத் 'தம்பி' என்று கூப்பிடவில்லை. 'சின்ன நயினார்' என்றார். நம்முடைய மொழியில் ஒருவரின் இடத்தைச் சொல்லப் பெயர்கூட வேண்டாம். வினைச்சொல்லின் வால் போதும்.

இனிப் பத்துப்பாட்டுக்கு வருகிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சில வாரம் வாளி கழுவித் துடைத்தபடி கிடந்தது. ஐயா மறுபடி யன்னலோரக் கதிரைக்குப் போய்விட்டார். அவரை எழுப்பும் வழி தெரியாமல் ஒருநாள் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்து வாசித்தேன். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது, ஐந்நூறு அடி. பரிசில் பெறப் போகும் பாணனுக்கு, வழியில் எந்த எந்தக் குடியிருப்பில் என்ன என்ன உண்ணக் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு போகிறது பாட்டு. வலைஞர் குடியிருப்பு வரும்போது புலவர் அங்கே மது காய்ச்சும் முறையை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்ச வேண்டும். அதை வாயகன்ற தட்டில் இட்டு ஆற்ற வேண்டும். ஆறியபின் நல்லடையைக் கலக்க வேண்டும். உரைகாரர் இதை நெல்முளை என்று கொள்வர். அதன் தோற்றத்துக்குப் புற்றுக்குள் இருக்கும் குரும்பியை உவமை சொல்கிறார் புலவர். பிறகு இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்து வடிக்க வேண்டும். களைத்து வரும் பாணனுக்குச் சுட்ட மீனோடு அது கிடைக்கும்.

ஐயா நிமிர்ந்து இருந்தார். "முளையோ? பார்லியும் முளைதானே!"

ஆம், அதுதான். அரிசியில் இருப்பது மாப்பொருள். மதுவத்தால் மாப்பொருளைத் தின்ன முடியாது, சீனியைத்தான் தின்னும். தானியம் முளைவிடும்போது மாவைச் சீனியாக்கும் நொதியம் அதற்குள் ஊறுகிறது. ஆங்கிலேயன் பார்லி முளையாற் செய்வதை வலைஞர் வீட்டுப் பெண்கள் நெல்முளையாற் செய்திருக்கிறார்கள். பியர் மேல்நாட்டுப் பானம் என்று நாம் ஏன் நினைத்துக்கொண்டோம் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

செய்து பார்த்தோம். இலண்டனில் முளைநெல்லுக்கு எங்கே போவது? முளைப்பார்லி வாங்கி அரைத்துக்கொண்டோம். குத்தரிசியைக் களியாக்கினோம். முதற்தடவை அவசரத்தில் கொதிக்கக் கொதிக்க இருந்த களியிலேயே முளைமாவைக் கொட்டினேன். அது களியாகவே கிடந்தது. இனிக்கவும் இல்லை, இளகவும் இல்லை. கொதிசூட்டில் நொதியம் செத்துவிடும். ஐயா புத்தகத்தை மறுபடி வாங்கிப் பார்த்தார். "ஆத்தச் சொல்லியெல்லோ எழுதியிருக்கு. நீ ஆத்தேல்லை." இரண்டாந் தடவை பெரிய தட்டில் பரப்பி, கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே வரும்வரை ஆற்றிக் கலந்தோம். ஒரு மணித்தியாலத்துக்குள் களி இளகிக் கஞ்சியாகி, நாக்கில் வைத்தால் இனித்தது. அகன்ற தட்டைப் புலவர் அழகுக்காகப் போடவில்லை. அடுப்படியில் நின்று பார்த்தவருக்கல்லாமல் அந்த ஆற்றும் வேலை தெரிந்திருக்காது. மாணவனாக இருந்தபோது இந்தப் பகுதியைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருக்கிறேன். ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை.

மதுவம் மட்டும் நாங்கள் பைக்கற்றிலிருந்து ஒரு கிள்ளுப் போட்டோம். அதைப் புலவர் மன்னிப்பாராக. இரண்டு பகல், இரண்டு இரவு. ஐயா கொப்பியில் நேரம் எழுதினார். மூன்றாம் நாள் துணியில் வடித்தபோது, வெள்ளையாய், கலங்கலாய், மெல்லிய புளிப்போடு ஒன்று கிடைத்தது. பார்வைக்குக் கள்ளேதான்.

இரண்டு கிளாசை ஐயாவே எடுத்து வைத்தார். ஒன்றை என் பக்கம் தள்ளினார். பிறகு தன் கதிரையை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, எனக்கு முதுகு காட்டியபடி குடித்தார். நானும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு குடித்தேன். அதியமானைப் பிரிந்து ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, 235 ஆவது, நினைவுக்கு வந்தது. சிறிதளவு கள் கிடைத்தால் அதை எங்களுக்கே தருவான் என்று தொடங்குகிற பாட்டு. அரசனும் பெண்பாற் புலவரும் ஒன்றாக இருந்து குடித்த நாட்டில், தகப்பனும் மகனும் முதுகோடு முதுகாக இருந்தோம்.

"தம்பி, அந்தப் பாணன் வலைக்காரன்ரை வீட்டுக்கு உள்ளை போயிருந்தெல்லே குடிச்சிருக்கிறான்" என்றார் ஐயா, யன்னலைப் பார்த்தபடி.

அதன்பின் பத்து வருடத்துக்கு மேலாக நாங்கள் இருவரும் காய்ச்சினோம். கொப்பிகள் நான்கு நிறைந்தன. போத்தல் பிறகு ஒருபோதும் வெடிக்கவில்லை. சீவல்காரரின் பேச்சு வந்தால், "அவன் இப்ப எங்கையோ", "அவனுக்கு ஒரு மகள் இருந்தவள்" என்பார் ஐயா. ஊரோடு தொடர்பு இல்லை. 1995 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த பிறகு யார் எங்கே என்று தெரியவில்லை.

ஏ-9 பாதை 2002 இல் திறந்தது. அடுத்த வருடம் நான் ஊருக்குப் போனேன். ஐயாவால் பயணம் செய்ய முடியவில்லை. "பேரைக் கேட்டுக்கொண்டு வா" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். வளவில் இரண்டு பனை நின்றன, ஒன்றுக்குத் தலையில்லை. பங்கர் இருந்த இடம் மழைநீர் நிற்கும் பள்ளமாகிவிட்டது. இரண்டு நாள் விசாரித்து மகளைக் கண்டுபிடித்தேன். பாடசாலை ஆசிரியை. கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி தந்தார். யார் என்று சொன்னேன். அவருக்கு எங்கள் வீடு நன்றாக நினைவிருந்தது; அதில் மகிழ்ச்சி ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. தகப்பனார் 1996 இல், தென்மராட்சியில் இருந்தபோது காலமானார் என்றார். பெயரைக் கேட்டேன். சிறிது நேரம் என்னைப் பார்த்துவிட்டு, முதலெழுத்தோடு முழுப்பெயரையும் சொன்னார். அதை எங்கும் எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஆகவே இங்கும் சொல்லவில்லை.

அன்று மாலை பட்டணத்துத் தொலைபேசி நிலையம் ஒன்றிலிருந்து ஐயாவுக்குப் பேசினேன். லைன் தெளிவில்லை. பெயரை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். கொப்பியைத் திறக்கும் சத்தம் கேட்டது. எழுதுகிறார் என்று விளங்கியது. பிறகு கேட்டார்:

"அவர் எப்ப தம்பி மோசம் போனவர்?"